வணிகருக்கு ஆங்கிலம்: ‘ரிலென்ட்லெஸ்’ – ஓயாமையா, இரக்கமின்மையா?



பில், ஸ்டாக், டெலிவரி, டிஸ்கவுண்ட் என்று நாள்தோறும் எத்தனையோ ஆங்கிலச் சொற்களைக் கடையில் புழங்குகிறோம். அவை ஆங்கிலம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அவற்றால் தொல்லையும் இல்லை. தொல்லை தருபவை கடிதத்தில் எழுதும் சொற்களே. வாயால் சொன்னால் முகத்தைப் பார்த்துப் பொருள் கொள்வார்கள். கடிதத்தில் முகம் தெரியாது. படிப்பவர் அகராதியை எடுத்து, அதில் கண்ட பொருளை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்வார்.

இந்த இதழில் ‘ரிலென்ட்லெஸ்’ என்ற சொல்லைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நாம் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நிலுவை வசூலுக்கு உதவியாக, உறுப்பினர்களுக்கு ஆங்கிலத்தில் மாதிரிக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தோம். தேதி, பெயர், தொகை ஆகிய மூன்றையும் நிரப்பி அனுப்பினால் போதும் என்ற ஏற்பாடு. மூன்றாவது கடிதத்தின் கடைசி வரி இப்படி அமைந்தது: ‘வீ ஷல் பி ரிலென்ட்லெஸ் இன் ரிகவரிங் அவர் ட்யூஸ்’. ‘எங்கள் பாக்கியை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம்’ என்ற கருத்தில்தான் நாம் அதை எழுதினோம்.

பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் அந்தக் கடிதத்தை ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அனுப்பினார். அவரும் நம் உறுப்பினரே. பாக்கி ரூ. 38,400. 18 ஆண்டுகளாக இருவருக்கும் பற்று வரவு உண்டு. அந்த முறை மனைவியின் அறுவைச் சிகிச்சையால் கடைக்காரரின் கை முடங்கிப் போயிருந்தது. மொத்த வியாபாரிக்கு அது தெரியாது. கணக்குப் பார்க்கும் பையன் பட்டியலைப் பார்த்துக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டான்.

கடைக்காரரின் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அகராதியைப் புரட்டினாள். ‘இரக்கமற்ற, கொடிய’ என்று இருந்தது.

மறுவாரமே நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் கொண்டுவந்து கட்டிவிட்டார். கட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “அண்ணாச்சி, 18 வருஷமா உங்ககிட்டதான் சரக்கு எடுக்கிறேன். இரக்கமே இல்லாம வசூல் பண்ணுவோம்னு எழுதிட்டீங்களே!”

“நான் எங்கேப்பா அப்படி எழுதினேன்? சங்கத்துல கொடுத்த லெட்டர்தானே அது!” என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம்தான்.

அன்றே அந்த மாதிரிக் கடிதத்தைத் திரும்பப் பெற்றோம். ஆனால் சொல்லை விளக்க வேண்டிய கடமை பாக்கி இருக்கிறது. அதைத்தான் இப்போது தீர்க்கிறோம்.

சொல்லின் பிறப்பு

‘ரி-லென்ட்-லெஸ்’ என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அழுத்தம் நடுவில் உள்ள ‘லென்ட்’ மேல் விழும். கடைசியில் உள்ள ‘லெஸ்’ என்பதற்கு ‘அற்ற’, ‘இல்லாத’ என்று பொருள். கேர்லெஸ் என்றால் கவனமற்ற. யூஸ்லெஸ் என்றால் பயனற்ற. அதே வரிசைதான் இதுவும். அப்படியானால் எது அற்றது? ‘ரிலென்ட்’ அற்றது.

இங்கே வணிகர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கடன் கொடுத்ததை ஆங்கிலத்தில் ‘லென்ட்’ என்பார்கள். ஆகவே ‘ரிலென்ட்’ என்றால் மறுபடி கடன் கொடுப்பது என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. இரண்டும் ஒலியில்தான் ஒன்று; பிறப்பில் உறவு இல்லை.

‘ரிலென்ட்’ லத்தீன் மொழி வேரிலிருந்து வந்தது. ‘லென்டஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு வளைந்து கொடுக்கும், மெதுவான என்று பொருள். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தபோது ‘ரிலென்ட்’ என்பதற்கு உருகுதல், இளகுதல் என்ற பொருளே இருந்தது. பொருள்கள் இளகுவதைச் சொன்ன சொல், பிற்பாடு மனம் இளகுவதைச் சொல்லவும் ஆகிவந்தது.

மளிகைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வெல்ல மூட்டையைத் தொட்டுப் பாருங்கள். இளகியிருக்கும், கையில் ஒட்டும். கற்கண்டு டின்னைத் திறந்தால் கல் கல்லாகவே இருக்கும். வெல்லத்தின் குணம் ‘ரிலென்ட்’. கற்கண்டின் குணம் ‘ரிலென்ட்லெஸ்’. இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

வினைச்சொல்லை எப்படி எழுதுவது? ‘தி லேண்ட்லார்ட் ரிலென்டெட்’ என்றால், கட்டட உரிமையாளர் பிடிவாதத்தை விட்டு இறங்கி வந்தார் என்று பொருள். ‘தி ரெயின் ரிலென்டெட்’ என்றால் மழை சற்றுத் தணிந்தது. ‘ரிலென்ட்லெஸ்லி’ என்றால் விடாமல், தணியாமல். ‘ரிலென்ட்லெஸ்னெஸ்’ என்பது அந்தக் குணத்தின் பெயர்.

ஒரு சொல், மூன்று இடம்

இச்சொல்லில் இரண்டு கருத்துகள் கலந்து நிற்கின்றன. ஒன்று ஓயாமை, மற்றொன்று இளகாமை. எந்த இடத்தில் எது மேலோங்கும் என்பதை அறிவதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

1. இயற்கையோடும் நிலைமையோடும் சேரும்போது: ரிலென்ட்லெஸ் ரெயின் (விடாத மழை), ரிலென்ட்லெஸ் ஹீட் (தணியாத வெயில்), ரிலென்ட்லெஸ் காம்பெடிஷன் (ஓயாத போட்டி). இங்கே ஓயாமையே முதன்மை. ஆயினும் ‘மனிதனுக்கு மூச்சுவிட இடம் தரவில்லை’ என்ற சலிப்பும் உடன் ஒலிக்கும். நாம் வேண்டி வரவேற்கும் மழையை யாரும் ரிலென்ட்லெஸ் என்பதில்லை. சரக்கு நனையும்போதுதான் அந்தச் சொல் வருகிறது.

2. உழைப்போடு சேரும்போது: ரிலென்ட்லெஸ் எஃபர்ட் (தளராத முயற்சி), ரிலென்ட்லெஸ் ஹார்ட் ஒர்க் (அயராத உழைப்பு). இது பாராட்டு. ‘ஹிஸ் ரிலென்ட்லெஸ் எஃபர்ட் பில்ட் திஸ் ஷாப்’ என்று ஒருவரின் படத்திறப்பு மலரில் தாராளமாக எழுதலாம். தன்னிடம் தானே இளகாதவர் என்பது கருத்து.

3. மற்றொரு மனிதர்மேல் பாயும்போது: ரிலென்ட்லெஸ் எனிமி (விடாத பகைவன்), ரிலென்ட்லெஸ் பிரஷர் (விடாத நெருக்கடி). இங்கே இளகாமை மேலோங்குகிறது. எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது என்ற பொருள் வந்துவிடுகிறது.

ஆகவே எழுதுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஓயாமை எதன்மேல் விழுகிறது? வேலைமேல் விழுந்தால் புகழ்ச்சி. ஆள்மேல் விழுந்தால் மிரட்டல். நம் மாதிரிக் கடிதத்தில் அது ஆள்மேல் விழுந்தது.

உறவுச் சொற்கள்

ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் கடுகும் கசகசாவும் இருப்பதுபோல, இச்சொல்லின் அருகில் சில சொற்கள் உள்ளன. கை மாறி எடுத்தால் சமையல் கெடும்.

பெர்சிஸ்டென்ட்: உறுதியாக நின்று தொடரும் என்று பொருள். இதில் இரக்கமின்மை கிடையாது. ஆர்டர் கேட்டு வாரம் தவறாமல் வரும் விற்பனைப் பிரதிநிதியைப் பெர்சிஸ்டென்ட் எனலாம். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் மேற்பார்வையில் உள்ள வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வசூல் முகவர்கள் கடனாளியைக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்றது. ‘பெர்சிஸ்டென்ட்லி’ அழைப்பதும் கூடாது என்று அதே சொல்லையே அதில் கையாண்டது. நல்ல சொல்லும் அளவு மீறினால் குற்றப் பட்டியலில் ஏறிவிடுகிறது.

அன்ரிமிட்டிங்: இதைக் கண்டதும் நமக்கு வங்கியில் பணம் ‘ரெமிட்’ செய்வது நினைவுக்கு வரும். ‘பணம் அனுப்பாத’ என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. வேர் ஒன்றுதான். ஆனால் அந்த லத்தீன் வேருக்குத் திருப்பி அனுப்புதல், தளர்த்துதல் என்று இரண்டு பொருள். அனுப்புதல் வழியே ரெமிட்டன்ஸ் வந்தது. தளர்த்துதல் வழியே ரெமிஷன் வந்தது. நிலவரி ரெமிஷனை நம் ஊரில் வஜா என்பார்கள். கைதிக்குத் தண்டனைக் காலத்தைக் குறைப்பதும் ரெமிஷனே. ஆகவே அன்ரிமிட்டிங் என்றால் சற்றும் தளராத என்பதே பொருள். ‘அன்ரிமிட்டிங் சர்வீஸ்’ என்றால் தளராத சேவை.

இன்செசன்ட்: நில்லாத, இடைவிடாத. செய்தித்தாளில் ‘இன்செசன்ட் ரெயின்’ என்று அடிக்கடி காண்கிறோம். நிற்கவில்லை என்ற செய்தியை மட்டும் சொல்லும். மனம் பற்றி ஒன்றும் சொல்லாது.

ருத்லெஸ்: ‘ருத்’ என்பது இரக்கத்தைக் குறித்த பழைய சொல். அது பெரும்பாலும் வழக்கொழிந்து போயிற்று. அது இல்லாமையைச் சொல்லும் ‘ருத்லெஸ்’ மட்டும் உயிரோடு இருக்கிறது. இதில் ஓயாமை இல்லை. இரக்கமின்மையே முழுப் பொருள். பெரிய கடைகள் அடக்க விலைக்கும் கீழே விற்றுச் சிறிய கடைகளை ஒழிக்கப் பார்ப்பதை ‘ருத்லெஸ் பிரைஸ் வார்’ எனலாம். நம் கடிதத் தாளில் நம்மைப் பற்றி எழுதக் கூடாத சொல் இது.

இன்எக்ஸரபிள்: மன்றாடினாலும் மாறாத என்று பொருள். மனிதரைவிடக் காலத்துக்கும் விதிக்கும் இது நன்கு பொருந்தும். வணிகர் மறக்கக் கூடாத ஓர் உதாரணம் காலவரையறைச் சட்டம். 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடர 3 ஆண்டுகளே அவகாசம். தவணை எதுவும் பேசாவிட்டால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும் கணக்கு. அந்தக் காலம் முடிவதற்குள் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டுகள் கிடைக்கும். நாம் கடைக்காரரிடம் இளகலாம். காலம் நம்மிடம் இளகாது.

ஷேக்ஸ்பியர் காட்டிய வணிகர்

கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு ‘வெனிஸ் வணிகன்’ நாடகம் நினைவிருக்கும். 1600-இல் அச்சான நாடகம் அது. அன்டோனியோ என்ற வணிகர் நண்பனுக்காக ஷைலாக் என்பவரிடம் 3,000 டக்கட் பொற்காசுகள் கடன் வாங்குகிறார். தவணை 3 மாதம். தவறினால் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதை என்று பத்திரம். கப்பல்கள் வராமல் போகவே தவணை தவறுகிறது. கடைத்தெருவில் அன்டோனியோவிடம் பட்ட அவமானங்கள் ஷைலாக்கின் மனத்தில் ஆறாமல் கிடக்கின்றன. ‘நான் ரிலென்ட் ஆகமாட்டேன்’ என்ற கருத்துப்பட இதே வினைச்சொல்லை அவன் வாயிலேயே ஷேக்ஸ்பியர் வைத்திருக்கிறார். வழக்கு மன்றத்தில் இரண்டு மடங்குத் தொகை தருகிறோம் என்றபோதும் அவன் வாங்க மறுக்கிறான். முடிவில் சதையும் கிடைக்கவில்லை, அசலும் கிடைக்கவில்லை.

பத்திரம் அவன் பக்கம்தான் இருந்தது. கணக்கும் அவன் பக்கம்தான். வரவிருந்த பணத்தை அவன் தள்ளிவிட்ட இடத்தில்தான் ‘ரிலென்ட்லெஸ்’ என்பதன் கெட்ட பொருள் கண்ணுக்குத் தெரிகிறது.

தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்கியதைத் தமிழ் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மழை விடாதது, வெயில் தணியாதது, உழைப்பு அயராதது, முயற்சி தளராதது, பகை தீராதது, மனம் இரங்காதது. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். ‘இரங்காத’ என்று வந்தால் அந்த வரியையே அடித்துவிடுங்கள்.

கடன் விவகாரத்தில் விடாக்கண்டன், கொடாக்கண்டன் என்று இருவரை நம் முன்னோர் சேர்த்தே சொன்னார்கள். விடாதவன் ஒருவன் என்றால், எதிரே கொடாதவன் ஒருவன் உருவாகிவிடுகிறான். விடாக்கண்டனாகிப் பணத்தைப் பெற்றவர்களும் உண்டு. பெற்ற பிறகு அந்த வாடிக்கை நிலைத்ததா என்பதை அவரவர் பேரேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

திருக்குறள் பொருட்பாலில் 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. தளராத முயற்சியின் பெருமை அதில் உள்ளது. அதற்கு நான்கு அதிகாரங்கள் முன்னால், 58-ஆம் அதிகாரம் கண்ணோட்டம். பிறர்மேல் இரங்கும் பண்பு அதில் உள்ளது. இரண்டும் அரசனுக்கு வேண்டிய குணங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. முயற்சியில் இளகாதிரு, மனிதரிடம் இளகு என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். கல்லாவில் உட்காருகிறவருக்கும் இது பொருந்தும்.

இனிக் கடிதம் எழுதும் முறை

நாம் திருத்தி அமைத்த மூன்று கடிதங்களின் முக்கிய வரிகளைக் கீழே தருகிறோம்.

முதல் கடிதம்: ‘திஸ் இஸ் எ ரிமைண்டர் ஆஃப் தி பேலன்ஸ் இன் யுவர் அக்கவுண்ட்’. உங்கள் கணக்கில் உள்ள நிலுவையை நினைவூட்டுகிறோம் என்று பொருள். கணக்குச் சிட்டையை உடன் இணைக்கவும்.

இரண்டாம் கடிதம்: ‘இஃப் தேர் இஸ் எனி டிஃபிகல்ட்டி, ப்ளீஸ் லெட் அஸ் நோ’. ஏதேனும் சிரமம் இருந்தால் தெரிவியுங்கள் என்று பொருள். இந்த ஒரு வரி நம் பழைய கடிதத்தில் இருந்திருந்தால் அறுவைச் சிகிச்சைச் செய்தி மொத்த வியாபாரிக்கு எட்டியிருக்கும்.

மூன்றாம் கடிதம்: ‘வீ ரிக்வெஸ்ட் யூ டு கன்ஃபர்ம் தி பேலன்ஸ் அண்ட் சைன் பிலோ’. நிலுவையை உறுதிசெய்து கீழே கையொப்பமிட வேண்டுகிறோம் என்று பொருள். இதில் மிரட்டல் இல்லை. ஆனால் காலவரையறைக்குள் அந்தக் கையெழுத்தும் தேதியும் வந்து சேர்ந்தால், மேலே சொன்ன 3 ஆண்டு அவகாசம் புதிதாகத் தொடங்கும். ‘ரிலென்ட்லெஸ்’ செய்யாத வேலையை இந்த மெல்லிய வரி செய்கிறது.

மூன்றுக்கும் முன்னால் ஒருமுறை கடைக்கு நேரில் போய்வருவது நல்லது. முடியாவிட்டால் போனில் பேசுங்கள்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றுக்கு ரிலென்ட்லெஸ், பெர்சிஸ்டென்ட், ருத்லெஸ், அன்ரிமிட்டிங், இன்எக்ஸரபிள் ஆகிய ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

1. வாரந்தோறும் சிரித்த முகத்துடன் வந்து ஆர்டர் கேட்கும் பிரதிநிதி.
2. மூன்று நாளாக விடாமல் பெய்து சர்க்கரை மூட்டையை நனைத்த மழை.
3. பக்கத்துக் கடையை ஒழிப்பதற்கென்றே நட்டத்துக்கு விற்கும் நிறுவனம்.
4. 30 ஆண்டுகள் சங்கப் பணியில் தளராத செயலாளரின் தொண்டு.
5. யார் கெஞ்சினாலும் நிற்காமல் ஓடும் காலவரையறை.

விடைகள்: 1. பெர்சிஸ்டென்ட். 2. ரிலென்ட்லெஸ். 3. ருத்லெஸ். 4. அன்ரிமிட்டிங். 5. இன்எக்ஸரபிள்.

முடிவாக

அந்த இரு உறுப்பினர்களும் என்ன ஆனார்கள் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். விவரம் தெரிந்ததும் மொத்த வியாபாரி கடைக்காரர் வீட்டுக்கே போய், உடம்புக்கு முடியாத அம்மாவை விசாரித்துவிட்டு வந்தார். சங்கத்தின் சார்பில் நாமும் போய், சொல் நம்முடையது என்று ஒப்புக்கொண்டோம். சில மாதங்களில் கடைக்காரர் மறுபடி அங்கேயே சரக்கு எடுக்கத் தொடங்கினார். ஆனால் ரொக்கத்துக்கு மட்டும்தான் எடுக்கிறார். பற்று எழுதச் சொன்னால், “வேண்டாம் அண்ணாச்சி, இருக்கட்டும்” என்று சொல்லிவிடுகிறாராம். 18 ஆண்டு ஓடிய பற்றுக் கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை.

உறுப்பினர்கள் எவரிடமாவது அந்தப் பழைய மாதிரிக் கடிதம் மீதியிருந்தால் கிழித்துப் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். திருத்திய கடிதங்களைச் சங்க அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். அடுத்த இதழில் வேறொரு சொல்லுடன் சந்திப்போம்.